முதலில் எழுதட்டும், பிறகு பேசுவார்கள்

அன்புள்ள பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாடத்தை நடத்தி முடித்துவிட்டு, "இதைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டதும் வகுப்பு மொத்தமும் தலையைக் குனிந்துகொள்கிறது என்று எழுதியிருந்தாய். முதல் பெஞ்சுப் பிள்ளைகள் இரண்டு பேர் மட்டும் கைடில் படித்ததை ஒப்பிக்கிறார்களாம். "இவர்களுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லையா டீச்சர்?" என்று கேட்டிருந்தாய். உன் பெயரைப் போடாமல் பத்திரிகை வழியாகவே பதில் எழுதுகிறேன். இந்த ஆண்டு ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியராக அரசுப் பள்ளிக்குள் நுழைந்திருக்கும் பலருக்கும் இதே கேள்வி இருக்கும்.

சொல்ல நிறைய இருக்கிறது. மணி அடித்து நீ வெளியே வந்த மறுநொடி அந்த வகுப்பு போடும் சத்தத்தைக் கேட்டிருப்பாயே. ஆங்கிலம் வரவில்லை என்பதால்தான் வாயடைத்துப் போகிறார்கள் என்று நினைத்துவிடாதே. கேட்கிற ஆள் நீ ஒருத்திதான். உனக்கு விடை முன்பே தெரியும். அவர்கள் வாயைத் திறந்ததும் சரி, தப்பு என்று தீர்ப்புச் சொல்லப்போகிறாய். ஒரு வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, பாதி தெரிந்த மொழியில், விடை தெரிந்த ஒருவரிடம் போய் யார்தான் தன் கருத்தைச் சொல்வார்கள்? பணியிடைப் பயிற்சியில் கருத்தாளர் நம் பக்கம் திரும்பிக் கேள்வி கேட்டால் நாமும் கையிலுள்ள நோட்டைத்தானே பார்க்கிறோம்.

ஆகவே நான் சொல்லப்போவது ஒன்றுதான். பேச்சை எழுத்திலிருந்து தொடங்கு. பாடத்தைப் பற்றித் தங்களுக்குத் தோன்றியதைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எழுதட்டும். பக்கத்து பெஞ்சுப் பிள்ளை அதைப் படிக்கட்டும், பதில் எழுதட்டும். அதற்குப் பிறகு பேசச் சொல். கையில் ஒரு வரி இருக்கிற பிள்ளை எழுந்து நிற்கும்.

இந்த வழிக்கு நூறு வயது ஆகிறது. முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டடி பட்டுத் திரும்பிய செலஸ்டின் ஃப்ரெனே என்ற பிரெஞ்சு இளைஞர், 1920இல் தெற்கு பிரான்ஸில் பார்-சூர்-லூ என்ற மலையூர்ப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். உரக்கப் பேசி மணிக்கணக்கில் பாடம் நடத்த அவரால் முடியவில்லை; மூச்சு வாங்கியது. பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போனார். பார்த்ததையும் கேட்டதையும் அவர்களே எழுதினார்கள். 1920களின் நடுவில் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தை வாங்கி வகுப்பறைக்குள்ளேயே வைத்தார். எழுதியவற்றில் எதை அச்சிடுவது என்று பிள்ளைகளே ஓட்டுப் போட்டார்கள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர்களே கோத்தார்கள். அச்சான தாள்கள் நாட்டின் மறுகோடியில், பிரிட்டானிக் கடலோரத்தில் இருந்த ஒரு பள்ளிக்குத் தபாலில் போயின. அந்த ஊர்ப் பிள்ளைகள் எழுதியது இங்கே வந்தது.

அச்சு இயந்திரத்தைப் பார்த்து மலைத்துவிடாதே. ஃப்ரெனேயின் வகுப்பை மாற்றியது இயந்திரமே இல்லை. நான் எழுதுவதை என்னைப் போன்ற இன்னொரு பிள்ளை படிக்கப்போகிறது, அதற்குப் பதிலும் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்புதான் மாற்றியது. மதிப்பெண் போடுகிறவரைத் தவிர வேறு வாசகரே இல்லாத எழுத்தைத்தான் நம் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கட்டுரை நோட்டில் எழுதுவார்கள், நாம் ஒரு டிக் போட்டுத் தேதி எழுதிக் கையெழுத்திடுவோம், நோட்டு அலமாரிக்குள் போய்விடும். அந்த எழுத்துக்கு எவரும் பதில் சொன்னதில்லை. பதில் வராத இடத்தில் பேச்சு எப்படி வளரும்?

அச்சு இயந்திரம் வேண்டாம். ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒரு லாங் சைஸ் நோட்டு போதும். நோட்டுக்கு அவர்களே பெயர் வைக்கட்டும், அட்டையில் படம் வரையட்டும். இடப்பக்கத்தில் ஒருவர் எழுத வேண்டும், எதிரே உள்ள வலப்பக்கம் மற்றவர்களின் பதிலுக்கு. நோட்டு முறை வைத்து வீட்டுக்குப் போகட்டும். ஒரு வாரத்தில் குழுவில் எல்லோர் கைக்கும் அது வந்துவிட வேண்டும். பழைய கையெழுத்துப் பத்திரிகை போலத்தான் இது. நம் ஊரில் எத்தனையோ எழுத்தாளர்கள் பள்ளி நாளில் நண்பர்களோடு கையால் எழுதிச் சுற்றுக்கு விட்ட பத்திரிகைகளில்தான் பேனா பிடித்துப் பழகினார்கள். அந்த வழக்கத்தை ஆங்கில வகுப்புக்குள் கொண்டுவருகிறாய், அவ்வளவுதான்.

பதிலுக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு வை. "சூப்பர்", "நைஸ்", "வெரி குட்" என்று எழுதினால் அது பதில் ஆகாது. மற்றவர் எழுதியதில் ஒரு வரியை எடுத்துக்கொள்ள வேண்டும். அதை ஏன் ஒப்புக்கொள்கிறேன், ஏன் ஒப்புக்கொள்ளவில்லை, அல்லது அதைப் படித்ததும் எனக்கு என்ன கேட்கத் தோன்றியது என்று எழுத வேண்டும். ஆரம்பத்தில் இதற்குத் தேவையான வாக்கியத் தொடக்கங்கள் நாலைந்தைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி அழிக்காமல் வைத்திரு. "ஐ அக்ரீ வித் யூ, பிகாஸ்...", "பட் வாட் இஃப்...", "வென் யூ சே திஸ், டூ யூ மீன்..." இந்தச் சின்ன ஊன்றுகோல்கள் இல்லாமல் பிள்ளைகளால் மறுத்துப் பேச முடியாது. மறுப்பதை மரியாதையாகச் சொல்லும் வழியை அவர்களுக்கு எந்த மொழியிலும் யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. தமிழில்கூட ஒன்று ஆமாம் சாமி, இல்லாவிட்டால் சண்டை.

இனி, கேள்வி. பாதி வேலை இதில்தான் இருக்கிறது. பாடத்தின் கடைசியில் புத்தகமே தந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை பாடத்திலேயே கிடக்கும். எடுத்து எழுதினால் முடிந்தது, அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. உனக்கே விடை உறுதியாகத் தெரியாத கேள்வியைக் கொடு. நல்ல மனம் படைத்த இரண்டு பேர் இரண்டு விதமாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது இருக்கட்டும்.

பத்தாம் வகுப்பின் முதல் பாடத்தையே எடுத்துக்கொள். அயர்லாந்து எழுத்தாளர் லியம் ஓ'ஃப்ளாஹர்ட்டியின் 'ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்'. பறக்கப் பயந்து பாறை விளிம்பில் தனியே நிற்கும் கடற்பறவைக் குஞ்சு. அதன் சகோதரர்களும் சகோதரியும் பறந்துவிட்டார்கள். தாயும் தகப்பனும் கூப்பிட்டும் திட்டியும் பார்த்து, பிறகு பட்டினி போட்டுவிடுகிறார்கள். கடைசியில் தாய் ஒரு மீன் துண்டோடு அதன் எதிரே வந்து, எட்டிவிடும் தூரத்துக்குச் சற்று அப்பால் அந்தரத்தில் நின்றுவிடுகிறாள். பசி தாங்காமல் குஞ்சு மீனை நோக்கிப் பாய்கிறது, கீழே விழுகிறது, விழும்போதே சிறகு விரிகிறது. "தாய் செய்தது சரியா?" என்று கேட்டால் எல்லோரும் "சரி" என்றுதான் எழுதுவார்கள். கைடில் அப்படித்தான் இருக்கிறது, கதையும் நல்லபடியாகத்தான் முடிகிறது. அதற்குப் பதில் இப்படிக் கேட்டுப் பார்: "அந்தக் குஞ்சின் சிறகு விரியாமல் போயிருந்தால், அந்தத் தாயைப் பற்றி நாம் என்ன சொல்லியிருப்போம்?"

இந்தக் கேள்விக்கு என் வகுப்பு நோட்டு ஒன்றில் வந்த பக்கத்தை உனக்குக் காட்டுகிறேன். ஒரு பெண் இடப்பக்கத்தில் எழுதியிருந்தாள்: "மதர் ஈஸ் கரெக்ட். பட் ஷீ ஈஸ் குரூயல் ஆல்சோ." அவ்வளவுதான், இரண்டே வாக்கியம். எதிர்ப்பக்கத்தில் ஒரு பையன்: "ஹவ் கரெக்ட் அண்டு குரூயல் கம் டுகெதர்?" அதற்குக் கீழே இன்னொருத்தி: "மை மதர் புட் மீ இன் ஹாஸ்டல் இன் சிக்ஸ்த். ஐ க்ரைடு. நவ் ஐ ஆம் ஓகே. பட் ஐ டிட் நாட் ஃபர்கெட்." அதற்கும் கீழே, கேள்வி கேட்ட அதே பையன்: "தென் கரெக்ட் அண்டு குரூயல் கேன் கம் டுகெதர்." இலக்கணம் சரியில்லைதான். ஆனால் இங்கே என்ன நடந்திருக்கிறது என்று பார். ஒருவன் ஒரு கருத்தைச் சந்தேகப்பட்டிருக்கிறான், இன்னொருத்தி தன் வாழ்க்கையிலிருந்து சான்று கொடுத்திருக்கிறாள், சந்தேகப்பட்டவன் தன் கருத்தை மாற்றிக்கொண்டிருக்கிறான். விவாதம் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அந்தப் பையன் அதற்கு முன் வகுப்பில் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

'தி லாஸ்ட் லெசன்' உன் கைக்கு வரும்போது அவசரப்படாதே. அல்போன்ஸ் தோதே எழுதியது, 1873இல் தொகுப்பாக வந்த அவருடைய கதைகளில் ஒன்று. பிரான்ஸ் போரில் தோற்று அல்சாஸ் பகுதி ஜெர்மனியின் கைக்குப் போகிறது. இனிப் பள்ளியில் ஜெர்மன்தான் என்று பெர்லினிலிருந்து உத்தரவு வருகிறது. நாற்பது வருடம் பாடம் நடத்திய ஹமேல் வாத்தியார் கடைசியாக ஒரு பிரெஞ்சு வகுப்பு எடுக்கிறார். இந்தக் கதையை நடத்தினால் நம் பிள்ளைகள் தாய்மொழி உணர்ச்சியில் பொங்கிவிடுவார்கள். பொங்கட்டும், அது நியாயமான உணர்ச்சி. முதல் வாரம் அதை எழுத விடு.

இரண்டாம் வாரம் இதைக் கேள்: "கதையைச் சொல்லும் ஃபிரான்ஸ் என்ற சிறுவன் வீட்டில் தன் அம்மாவிடம் எந்த மொழியில் பேசியிருப்பான்?" கதையில் இதற்கு விடை இல்லை. அல்சாஸ் மக்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது பிரெஞ்சு இல்லை, ஜெர்மன் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த அல்சாசியன் பேச்சு. தோதே அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். இந்தத் தகவலைப் பிள்ளைகள் எழுதி முடித்த பிறகு நீ போய்ச் சொல். வகுப்பு அப்போது எப்படித் திரும்புகிறது என்று பார். பள்ளிக்கூடத்தின் மொழி ஒன்று, ஆட்சியின் மொழி ஒன்று, அடுப்படியின் மொழி வேறொன்று என்பது நம் பிள்ளைகள் பலருக்குப் புதுச் செய்தியே இல்லை. மதுரையில் சௌராஷ்டிரம், ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும், நீலகிரியில் படுகு, ஆம்பூர், வாணியம்பாடியில் உருது. இந்த மொழிகளை வீட்டில் பேசும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதை யாரும் கேட்காததால் அவர்களும் சொல்வதில்லை. ஒரு பையன் எழுதினான்: "வீ ஸ்பீக் சௌராஷ்டிரா இன் ஹவுஸ். நோ எக்ஸாம் ஃபார் தட் லாங்குவேஜ்." அதற்குக் கீழே ஆறு பதில்கள். பாதிக்கு மேல் கேள்விகள். பாட்டிக்குத் தமிழ் தெரியுமா, கனவு எந்த மொழியில் வரும், கோபம் வந்தால் எதில் திட்டுவாய். அடுத்த வகுப்பில் அவனை எழுந்து பதில் சொல்லச் சொன்னேன். ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னான். தோதேயின் கதையை நான் எவ்வளவு நன்றாக நடத்தியிருந்தாலும் அந்த இடத்துக்கு வகுப்பைக் கொண்டுபோயிருக்க முடியாது.

இப்போது உன்னைப் பிடித்து இழுக்கப்போகும் விஷயத்துக்கு வருகிறேன். அந்த நோட்டுக்குள் சிவப்புப் பேனாவோடு நுழையாதே. உனக்குக் கை பரபரக்கும். "ஹவ் கரெக்ட் அண்டு குரூயல் கம் டுகெதர்?" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திருத்தாமல் விடுவது பாவம் என்றுகூடத் தோன்றும். பயிற்சிக் கல்லூரியில் நம்மை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பக்கத்தில் பதினேழு வட்டம் போட்டுக் கொடுத்தால் அடுத்த முறை அந்தப் பிள்ளை தப்பு வராத வாக்கியங்களை மட்டும்தான் எழுதும். தப்பு வராத வாக்கியம் என்பது ஏற்கெனவே மனப்பாடமான வாக்கியம். நீ கேட்ட கருத்து அதோடு போய்விடும்.

திருத்தவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பிழை தெரியாமல் பிள்ளையை மேலே அனுப்புவதும் நியாயமில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர நம்மை விட்டால் ஆளும் இல்லை. திருத்துகிற இடத்தைத்தான் மாற்று. நோட்டுகளைப் படிக்கும்போது பலரும் செய்யும் பிழைகள் இரண்டோ மூன்றோ எடுத்துக்கொள், யார் எழுதியது என்று சொல்லாமல் கரும்பலகையில் போடு, வகுப்பாகச் சேர்ந்து சரிசெய்யுங்கள். அடுத்த வாரம் அதே பிழை குறைகிறதா என்று பார். பிறகு மாதம் ஒருமுறை, நோட்டில் இருப்பதில் ஒன்றைச் செம்மையாக்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல். ஊரே படிக்கப்போகிற எழுத்து என்றால் எழுத்துப்பிழையைப் பற்றி அவர்களே உன்னிடம் வந்து கேட்பார்கள். அப்போது பேனாவை எடு.

அந்தச் செம்மையாக்கலுக்கு நல்ல முறை ஒன்று இருக்கிறது. இத்தாலியில் ஃபிளாரன்ஸுக்கு வடக்கே மலைமேல் பார்பியானா என்ற குக்கிராமம். லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் அங்கே ஒரு பள்ளி நடத்தினார். அரசுப் பள்ளிகள் தோற்கடித்து வெளியே தள்ளிய விவசாயி வீட்டுப் பிள்ளைகள்தான் அவருடைய மாணவர்கள். அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' 1967இல் வெளிவந்தது. எட்டுப் பேர் எப்படி ஒரு புத்தகத்தைச் சேர்ந்து எழுதுவது? தோன்றியதை எல்லாம் ஒவ்வொருவரும் தனித்தனித் துண்டுச் சீட்டுகளில், ஒரு சீட்டுக்கு ஒரு கருத்தாக எழுதினார்கள். பிறகு சீட்டுகளை மேசைமேல் பரப்பி, இரட்டிப்பாக வந்ததைக் கழித்து, ஒத்தவற்றைக் குவியல்களாக்கி, குவியல்களைப் பத்திகளாக்கினார்கள். அதன்பின் தேவையில்லாத சொல்லை வெட்டிக்கொண்டே வந்தார்கள். ஒரு சொல்லை வைப்பதா எடுப்பதா என்று அவர்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடக்கும். உன் வகுப்பில் ஒரு குழு தன் நோட்டிலிருந்து அரைப்பக்கம் எழுத இந்த முறையைக் கையாளட்டும். ஒரு வாக்கியத்துக்காகச் சண்டை போடும் பிள்ளைகள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று கேள். இலக்கணத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

தமிழில் எழுதலாமா என்று முதல் நாளே கேட்பார்கள். எழுதலாம். தெரியாத சொல்லைத் தமிழிலேயே எழுதிவிட்டு மேலே போகட்டும். பதில் எழுதுகிறவருக்கு அந்தச் சொல்லின் ஆங்கிலம் தெரிந்தால் பக்கத்தில் எழுதிக் கொடுக்கட்டும். "ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம்" என்று போர்டு வைக்கும் பள்ளிகளைப் பார்த்து நாம் எதையும் கற்க வேண்டியதில்லை. யோசனை எந்த மொழியில் ஓடுகிறதோ அந்த மொழியை அடைத்துவிட்டு, இன்னொரு மொழியில் யோசனையைச் சொல் என்று கேட்பது பிள்ளைக்குச் செய்யும் அநீதி. நோட்டு நாலைந்து சுற்று போகட்டும். தமிழ்ச் சொற்கள் தானாகக் குறைவதைப் பார்ப்பாய். குறையாத பிள்ளையும் இருக்கும், அது படிக்கிறது, பதில் எழுதுகிறது என்பதே பெரிது.

நோட்டிலிருந்து பேச்சுக்கு வருவோம். முந்தின நாள் மாலை நோட்டுகளை எடுத்துப் படி. எல்லாவற்றையும் படிக்க நேரமிருக்காது, இரண்டு நோட்டு போதும். ஒன்றுக்கொன்று மாறாகப் போகும் இரண்டு வரிகளைக் குறித்துக்கொள். மறுநாள் எழுதியவர்களையே எழுந்து தங்கள் வரியைப் படிக்கச் சொல். படிப்பது பேசுவதைவிட எளிது. வாக்கியம் கையில் இருக்கிறது, ஐந்து பேர் அதை ஏற்கெனவே படித்துப் பதிலும் எழுதிவிட்டார்கள், பயப்பட ஒன்றுமில்லை. படித்து முடித்ததும், "ஏன் அப்படி எழுதினாய்?" என்று மட்டும் கேள்.

கேட்டுவிட்டுச் சும்மா இரு. இது கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும், செய்துபார்த்தால் கடினம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் அவர்களே பதில் சொன்னார்கள், அல்லது அடுத்த பிள்ளையிடம் போனார்கள். அதை மூன்று விநாடிக்கு நீட்டியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, "தெரியாது" குறைந்தது, அவர்களே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள், வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். அவர்கள் தாய்மொழியிலேயே படித்த பிள்ளைகள். நம் பிள்ளைகள் தமிழில் யோசித்து, ஆங்கிலச் சொல் தேடி, வாக்கியமாக்க வேண்டும். மூன்று போதாது, ஏழெட்டு கொடு. மனதுக்குள் எண்ணு. பதில் வந்த பிறகும் உடனே "வெரி குட்" சொல்லாதே. நீ "வெரி குட்" சொன்னதும் மற்றவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள், சரியான விடை வந்துவிட்டது என்று நினைத்து. அந்த வாரத்து நோட்டில் எதிராக எழுதிய பிள்ளையின் பக்கம் திரும்பிப் பார், போதும்.

நோட்டுக்கே திரும்புவோம், அதில் உன் பங்கும் உண்டு. அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்து ஆசிரியை நான்சி அட்வெல், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாம் படித்த புத்தகங்களைப் பற்றித் தனக்கும், பிறகு ஒருவருக்கொருவரும் கடிதம் எழுதும்படி செய்தார், தானும் பதில் எழுதினார். 1987இல் வந்த 'இன் தி மிடில்' என்ற புத்தகத்தில் அதை விரிவாக எழுதியிருக்கிறார். கிடைத்தால் படி. நீயும் நோட்டில் எழுத வேண்டும் என்பதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியராக எழுதாதே. உனக்குக் கதையில் புரியாத இடத்தை, பிடிக்காத இடத்தை எழுது. டீச்சருக்கும் ஒரு கதையில் புரியாத இடம் இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பெரிய விடுதலை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணை மூடாதே. குழுவை அவர்களாகவே சேர்த்துக்கொள்ள விட்டால் ஊரின் தெருப்பிரிவு அப்படியே நோட்டில் வந்து உட்காரும். யார் யாரோடு உட்காருகிறார்கள், யாருடைய தண்ணீர்ப் பாட்டிலை யார் தொடுவதில்லை என்பதைக் கவனித்திருப்பாய். பிறந்த மாதத்தை வைத்துக் குழு பிரி. யாரும் காரணம் கேட்க முடியாது, எல்லாப் பிள்ளையும் கலந்துவிடும். பையன்களும் பெண்களும் ஒரே நோட்டில் எழுதுவதை முதலில் கூச்சத்தோடு பார்ப்பார்கள், இரண்டு வாரத்தில் மறந்துவிடுவார்கள். யாராவது ஒருவர் பெயரை, நிறத்தை, சாதியை, வீட்டுத் தொழிலைக் குத்தி எழுதினால் அன்றைக்கே, அந்தப் பிள்ளையைத் தனியாக அழைத்துப் பேசு. எல்லோருக்கும் பொதுவாக அறிவுரை சொல்லிவிட்டு நகராதே. குத்துப்பட்ட பிள்ளையையும் தனியாகப் பார். அது உன்னை விட்டால் யாரிடமும் சொல்லாது.

இன்னொன்றும் நடக்கும். எழுதப் பழகிய பிள்ளை வீட்டில் நடப்பதையும் எழுதும். குடித்துவிட்டு வரும் அப்பா, பத்தாவதோடு நிறுத்திக் கல்யாணம் பேசும் வீடு, அதைவிட மோசமானதும். முதல் நாளே சொல்லிவிடு: இந்த நோட்டை ஆறு பேர் படிப்பார்கள், வீட்டுக்கும் போகும், எனக்கு மட்டும் சொல்ல வேண்டியது இருந்தால் தனித்தாளில் எழுதி என் கையில் கொடுங்கள். அப்படி ஒரு தாள் வந்தால் அது வகுப்பு விவாதத்துக்கு உரியதில்லை. பிள்ளைக்கு ஆபத்து இருக்கிறது என்று தோன்றினால் தலைமையாசிரியரிடம் சொல், 1098க்குப் பேசு, பாலியல் தொந்தரவு என்றால் போக்சோ சட்டப்படி புகார் கொடுக்க வேண்டியது உன் கடமை. "குடும்ப விஷயம், நமக்கெதற்கு" என்று ஆசிரியர் அறையில் யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதே.

தலைமையாசிரியர் போர்ஷன் முடிந்ததா என்றுதான் கேட்பார். அவர்மேல் கோபப்படாதே, அவரை மேலே இருந்து தேர்ச்சி விழுக்காடு கேட்டு நெருக்குகிறார்கள். பத்தாம் வகுப்பில் ஆங்கிலம் ஒரே தாள், நூறு மதிப்பெண், எழுத்துத் தேர்வு. பேச்சுக்கு அதில் இடமில்லை. அதனால் ஒன்பதாம் வகுப்பில் தொடங்கு. வாரத்தில் ஒரு பீரியட் போதும், அதையும் பாடத்தை வைத்தே செய்கிறாய், தனியாக எதையும் எடுத்து நடத்தவில்லை. பத்தி எழுதச் சொல்லும் வினாக்களில் சொந்தமாக நாலு வரி எழுதப் பழகிய பிள்ளை மனப்பாடம் மறந்துபோன அன்றும் தாளைக் காலியாக விடாது. இதைத் தலைமையாசிரியரிடம் சொல், ஏற்றுக்கொள்வார். உனக்கு நீயே மட்டும் அதைக் காரணமாகச் சொல்லிக்கொள்ளாதே. மதிப்பெண்ணுக்காகத் தொடங்கினால் அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது முதலில் நின்றுபோவது இந்த நோட்டாகத்தான் இருக்கும். தன் கருத்தைப் பிறர் முன் சொல்லவும், மறுக்கப்படும்போது கலங்காமல் நிற்கவும் பழகாத பிள்ளை நாளைக்குக் கிராமசபையில் பேசாது, வேலையிடத்தில் கூலி குறைந்தால் கேட்காது. அதற்காகச் செய்.

ஒரு கேள்வியை நீ கேட்காவிட்டாலும் பிள்ளைகள் கேட்பார்கள்: "எங்க எல்லாருக்கும் தமிழ் தெரியும், எங்களுக்குள்ள எதுக்கு டீச்சர் இங்கிலீஷ்ல எழுதணும்?" நேர்மையான கேள்வி. பழகுவதற்கு என்று சொன்னால் கொஞ்ச நாள் தாங்கும். உண்மையான பதில் வேண்டுமென்றால் ஃப்ரெனே செய்ததைச் செய். தமிழ் தெரியாத பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றோடு நோட்டை மாற்றிக்கொள். ஒடிசாவிலோ தெலங்கானாவிலோ உன்னைப் போல ஒரு ஆசிரியர் இருப்பார், தேடினால் கிடைப்பார். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் நம்மளவுக்குத்தான் வரும், அதனால் கூச்சமிருக்காது. ஆங்கிலத்தை விட்டால் இரண்டு பக்கத்துக்கும் வேறு பாலமும் இருக்காது. இதை ஆண்டின் பிற்பகுதிக்கு வைத்துக்கொள். உன் வகுப்பு முதலில் தன்னோடு தானே பேசிப் பழகட்டும்.

முதல் இரண்டு வாரம் உனக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். "குட் ஸ்டோரி. ஐ லைக் திஸ் ஸ்டோரி" என்றுதான் பக்கம் பக்கமாக வரும். ஒருவர் எழுதியதைப் பார்த்தே மற்றவர் எழுதுவார்கள். நோட்டை ஒருத்தி வீட்டில் வைத்துவிட்டு வருவாள், இன்னொருவன் நோட்டில் கிரிக்கெட் ஸ்கோர் எழுதுவான். நிறுத்திவிடாதே. "ஐ லைக்" என்று எழுதிய பிள்ளையிடம் "எந்த வரியில் பிடித்தது, அந்த வரியைக் காட்டு" என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதிவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடு. பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில் யாராவது ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு உண்மையாகவே ஒரு கேள்வி எழுதும்.

அந்தப் பக்கத்தை நகலெடுத்து எனக்கு அனுப்பு. நல்ல கையெழுத்தாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம், பிழையைத் திருத்தவும் வேண்டாம். உன் கேள்வி என்னவாக இருந்தது என்பதையும் மேலே எழுதிவிடு, அடுத்த கேள்வியை இருவரும் சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
உன் பழைய ஆங்கில டீச்சர்